கடைசி வரிசைக்குச் சில வார்த்தைகள்

எல்லோருக்கும் வணக்கம். ‘வீட்டுச் சாப்பாடு’ என்று தலைப்பு வைத்ததாலோ என்னவோ, முன் வரிசை முழுக்கப் பெண்கள். ஆண்கள் எல்லாம் கடைசி வரிசையில், செல்போனும் கையுமாக. நான் பேச வந்திருப்பது அந்தக் கடைசி வரிசையிடம்தான். முன்னால் வாருங்கள் சார், இப்போதே அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்ல மாட்டேன்.

முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றதும் பழக்க தோஷத்தில் வீட்டுக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். கல்யாண நாளுக்கு ஓட்டலுக்குப் போன செலவு பெரிதாக இல்லை. பணம் போனதெல்லாம் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில். ஏழரை மணிக்கு ‘என்ன டிபன்?’ என்று ஒரு கேள்வி எழும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மகன் போனை எடுத்துப் பரோட்டாவுக்குச் சொல்லிவிடுவான். பரோட்டா விலையோடு முடிகிறதா? பேக்கிங், டெலிவரி, ஜிஎஸ்டி என்று வால் நீளும். அவனைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற அவன் அம்மாவுக்கு மறுபடி நிற்கத் தெம்பு இல்லை. எனக்கோ நிற்கவே தெரியாது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி எங்கள் தெருக் கடையில் 50 ரூபாய். கால் கிலோ உளுந்து 35. ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்தால் 60 இட்லிக்குக் குறையாது. கேஸ், கரண்ட் தனி என்றாலும், ஒரு இட்லிக்கு மாவுச் செலவு ஒன்றரை ரூபாய்க்குள். ஞாயிறு அரைத்த மாவு திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை, வியாழன் ஊத்தப்பம். ஏழரை மணிக் கேள்விக்கு பதில் ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது.

உடம்புக்கு எது நல்லது என்பதில் ஒரு வார்த்தை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெட்டு, போலார் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் கூடும்; அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தட்டில் வந்த பஜ்ஜியைப் பார்த்து அந்த 25ஐ உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? வீட்டில் என்றால் எத்தனையாவது தடவை காய்கிறது என்றாவது தெரியும். தெரிந்துதான் நாமும் தீபாவளி எண்ணெயைப் பொங்கல் வரை தூக்குவாளியில் மூடி வைக்கிறோம், அது வேறு கதை! உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், பொரியல், அப்பளம், மேலே ஊறுகாய் என்றால் மத்தியானத்திலேயே அந்த ஸ்பூன் தீர்ந்துவிடும். வீட்டில் செய்தது என்பதற்காக அப்பளம் பச்சைக்காய்கறி ஆகிவிடாது. எங்கள் வீட்டில் இப்போது அப்பளம் பொரித்தால் அன்றைக்கு ஊறுகாய் கிடையாது. இந்தச் சட்டம் போட்டபோது எதிர்த்தவன் நான்தான்.

ஆனால் நோட்டில் எண்கள் குறைந்தது மாவால் மட்டும் அல்ல, வேலையைப் பிரித்ததால். அரிசி ஊற வைப்பதும் கிரைண்டர் கழுவுவதும் என் பொறுப்பு. கிரைண்டர் குழவியைத் தூக்கிக் கழுவிப் பார்த்தபிறகுதான், இத்தனை வருடமாக ‘மாவுதானே, அரைச்சா ஆச்சு’ என்று சொன்னதற்கு வெட்கப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மகனுடையது. அதற்குள் மாவு நன்றாகப் புளித்திருக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்ச் சில்லு வதக்கிக் கொட்டிக் குழிப்பணியாரம் சுட வேண்டும். முதல் ஈடு அடிப்பிடித்துக் கருகியது. குச்சியால் நெம்பியதில் பாதி பிய்ந்துபோனது. இரண்டாம் ஈடு உருண்டையாக வந்தது. எப்போதும் எல்லோரும் எழுந்தபிறகு சாப்பிட உட்காருகிற என் மனைவி, அன்று முதல் ஆளாகச் சூடாகச் சாப்பிட்டாள். காரம் போதவில்லை என்று குறையும் சொன்னாள்.