முன்சிறுகுடல்: 25 சென்டிமீட்டரில் நடப்பவை

நேயர்களுக்கு வணக்கம். உணவுப்பாதை என்றதும் இரைப்பையும் பெருங்குடலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இரைப்பையை அடுத்து, சிறுகுடலின் தொடக்கமாக இருக்கும் முன்சிறுகுடலைப் பற்றி இன்று பேசுகிறேன். மருத்துவ அறிக்கைகளில் இதை 'டியோடினம்' என்று எழுதியிருப்பார்கள். நீளம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். 12 விரல்களைச் சேர்த்துவைத்த அகலம் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததே.

இரைப்பையின் கடைவாயில் பைலோரஸ் என்ற சுருக்குத்தசை காவல் இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கூழாகாத திட உணவை அது எளிதில் விடாது. திரும்ப இரைப்பைக்குள் தள்ளிக் கடையவைக்கும். வெளியே வரும் கூழில் அமிலம் ஊறியிருக்கும். அது பட்டவுடன் முன்சிறுகுடலின் சுவர் செக்ரிட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. உடனே கணையம் காரத்தன்மையுள்ள பைகார்பனேட் நீரைச் சுரந்து அமிலத்தை முறிக்கிறது. 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் கண்டறிந்த இந்தச் செக்ரிட்டினைத்தான் முதன்முதலில் அறியப்பட்ட ஹார்மோன் என்கிறோம்.

முன்சிறுகுடல் வளைந்து கணையத்தின் தலையை அணைத்துக் கிடக்கிறது. பித்தநாளமும் கணையநாளமும் பெரும்பாலோருக்கு ஒன்றுசேர்ந்து, அந்த வளைவின் உட்பக்கத்தில் ஒரு சிறு முகட்டில் திறக்கின்றன. வசதியான ஏற்பாடுதான். ஆனால் பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அங்கே சிக்கினால் இரண்டு நாளங்களும் அடைபடலாம். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். கணையநீரில் புரதத்தைக் கரைக்கும் நொதி, முன்சிறுகுடலை அடைந்த பிறகே விழித்துக்கொள்ள வேண்டியது. அடைப்பால் கணையத்துக்குள்ளேயே விழித்தால் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் கடும் வலி, முதுகுவரை பாயும். வலியே இல்லாமல் காமாலை வந்தாலும் அலட்சியம் கூடாது. கணையத் தலையில் வளரும் கட்டி பித்தநாளத்தை நெருக்கும்போது அப்படி வரும்.

முன்சிறுகுடலில் குடற்புண் பெரும்பாலும் முதல் சில சென்டிமீட்டரிலேயே வருகிறது. முன்சுவரில் இருந்தால் ஓட்டை விழுந்து, குடலில் உள்ளது வயிற்றறைக்குள் கொட்டும். பின்சுவர்ப் புண்ணோ அருகில் ஓடும் தமனியை அரித்து ரத்தம் கசியவைக்கும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது. தார் போன்ற மலத்தைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குடற்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். ஆனால் அதன் பெரிய காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டிய மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொரு பெரிய காரணம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். பாக்டீரியாவுக்கு வழக்கமாக 14 நாள் கூட்டுமருந்து தருவார்கள். வலி நின்றதும் பாதியில் விட்டால் கிருமி முழுதும் ஒழியாமல் மருந்துக்குப் பழகிவிடும். மருந்து முடிந்து 4 வாரமாவது கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; பொதுவாக 2 வாரம். நிறுத்தாமல் பரிசோதித்தால், கிருமி இருக்கும்போதே இல்லை என்று முடிவு வந்துவிடலாம்.