ஒரு தொட்டி, ஒரு நாள், 37 தோங் கேஸ்! செம்பனை மில்லு ரகசியம்

[காட்சி: காருக்குப் பின்னால சாமான் வைக்கிற பூட்டுக்குள் பலூன் மாதிரி வீங்கிய பிளாஸ்டிக் தோங்]

பயப்படாதீங்க, வெடிகுண்டு இல்ல. என் தங்கச்சியோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

வணக்கம் மக்களே! பெஸ்தாரி ஜெயாவுல இருந்து பேசுறேன். நம்ம பெருசுங்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தங்கச்சி கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்குது. "அண்ணே, மில்லுல சாம்பிள் தண்ணி எடுக்கணும், காரக் குடு"ன்னுச்சு. குடுத்தேன். எடுத்துட்டு வந்தது செம்பனை மில்லுக் கழிவுத் தண்ணி. மூடிய இறுக்கி, ராத்திரி பூட்டுலயே மறந்துடுச்சு. 4 டிகிரி குளிர்ல வைக்க வேண்டிய சாமான்! காலையில இந்தக் கோலம்.

வரலாறு ஒரே மூச்சுல: மலேசியாவுல வியாபாரத்துக்குன்னு செம்பனை முதன்முதலா நட்டது 1917-ல, நம்ம பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துல. பேரு தென்னமரம், நட்டது செம்பனை! சரி, விடுங்க.

தோங் ஏன் வீங்குச்சு? லயத்துக்குப் பின்னால மாடு வளர்த்த வீடுன்னா உங்களுக்கு ஈஸியாப் புரியும். மாட்டு வயித்துக்குள்ள காத்து கிடையாது. அங்க கிருமிங்க தீனியச் செரிக்கும்போது மீத்தேன் வரும். மாடு அதப் பின்னாடி விடுதுன்னு நெனைக்கிறீங்களா? பெரும்பாலும் ஏப்பங்க! மூடி இறுக்கின தோங்கும் மில்லுக் கழிவுக் குளமும் அதே கதைதான். தோங்குல கேஸு வெளிய போக வழியில்ல, வீங்கிடுச்சு. குளம், ஏப்பம் விடுற ஒரு பெரிய மாடு. ஒரு கூட்டம் எண்ணெயையும் சக்கையையும் அமிலமாக்கும், இன்னொரு கூட்டம் அந்த அமிலத்துல இருந்து மீத்தேன் பண்ணும். முதல் கூட்டம் வேகம், ரெண்டாவது சோம்பேறி. கழிவ அளவுக்கு மீறி ஊத்துனா அமிலம் தேங்கி, இட்லி மாவு ஓவராப் புளிச்ச மாதிரி எல்லாம் படுத்துடும். தங்கச்சி லேப்புல சின்னச் சின்னப் பாட்டில்ல தேடுறது, எவ்வளவு ஊத்தலாம்ங்கிற இந்த அளவத்தான்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். நெகிரி செம்பிலான் செர்திங் ஹிலிர் மில்லுல, மூடியில்லாத கழிவுத் தொட்டிங்கள யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) ஆய்வாளருங்க நேராப் போய் அளந்தாங்க. ஆய்வு 2005-ல வெளிவந்துச்சு. ஒரு தொட்டி ஒரு நாளைக்கு விட்ட மீத்தேன் சுமார் 519 கிலோ. நம்ம வீட்டுக் கேஸ் தோங் 14 கிலோ. வகுத்துப் பாருங்க, எடைக்கு எடை 37 தோங்! தினமும்! சும்மா வானத்துக்கு! அதுவும் நூறு வருசக் கணக்குல கரியமில வாயுவ விட ஏறக்குறைய 28 மடங்கு சூடேத்துற கேஸு.

எனக்குப் பிடிச்சது வேற விசயம். அந்தக் கேஸுல 65 சதவீதம் மீத்தேன்னு முன்னாடி எழுதி வச்சிருந்தாங்க. நேர்ல அளந்தா 13.5-ல இருந்து 49 வரைக்கும்தான். அதனாலதான் நாத்தத்தோட நாத்தமா மில்லுக்கே போகணும்ங்கிறேன். புத்தகத்துக்கு மூக்கு இருக்கா?

அப்புறம் அதே மில்லுல கேஸப் புடிக்க 500 கன மீட்டர் மூடின தொட்டி கட்டி ஓட்டிப் பார்த்தாங்க. 2014-ல இருந்து புது மில்லுன்னா கேஸப் புடிக்கிற ஏற்பாடு கட்டாயம்.

உங்க ஊரு மில்லுக் குளத்துல மூடி இருக்கா? கமெண்ட்ல போடுங்க. அப்படியே காருல நாத்தம் போக என்ன வழின்னும் சொல்லுங்க. எலுமிச்சம்பழம் வச்சுப் பார்த்துட்டேன், இப்ப எலுமிச்சம்பழமும் நாறுது.