நேராகக் கேட்கலாமா? கேஷுவாலிட்டி நர்ஸ் ஒருவரின் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, இந்தக் கேள்விக்கு வருவோம். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கேஷுவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தங்கச்சி ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். வீட்டுச் சண்டையில் மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்ட ஒரு பெண்ணை ராத்திரி கொண்டு வந்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்து, பிபி, பல்ஸ் எல்லாம் ஸ்டேபிள் ஆகிவிட்டது. சைக்கியாட்ரி டாக்டர் காலையில்தான் வருவார். "அதுவரைக்கும் அந்த அக்கா பக்கத்தில் நான்தான் இருக்கிறேன், என்ன பேசுவது? இன்னும் சாகணும்னு தோணுதான்னு நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா? வெளியே அட்டெண்டர்கள் டாமா போட்டுக் கூட்டிப்போகிறோம் என்று நிற்கிறார்கள். எக்ஸாமுக்குப் படித்த கிரைசிஸ் இன்டர்வென்ஷன் ஸ்டெப்ஸ் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை அக்கா." இதுதான் கேள்வி. (அட்டெண்டர் என்றால் நோயாளியோடு வந்த வீட்டார். டாமா என்றால் டாக்டர் சொல்வதை மீறிக் கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் வாங்குவது. கிரைசிஸ் இன்டர்வென்ஷன் என்றால் மன நெருக்கடியில் இருப்பவருக்கு உடனடியாகக் கைகொடுப்பது.)

முதலில் அந்த பயத்துக்குப் பதில். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், கேட்டதால் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை, சிலருக்குப் பாரம் இறங்கியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அந்தப் பெண் அதற்காகத்தானே உங்கள் கட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத எதையும் நீங்கள் சொல்லிவிடப் போவதில்லை. நாம் கேட்காமல் விட்டால்தான், இங்கே யாரும் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை போலிருக்கிறது என்று அவர் வாயை மூடிக்கொள்வார்.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். நம் வார்டுகளில் வழக்கமாகக் காதில் விழுகிற கேள்வி என்ன? "இனிமே இப்படியெல்லாம் பண்ண மாட்டீங்கல்ல?" இதற்கு "மாட்டேன் சிஸ்டர்" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம், அவரும் தலையாட்டிவிடுகிறார், நாமும் கேஸ் ஷீட்டில் எண்ணம் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ரொம்பக் கஷ்டம் வர்றப்போ சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்கு இப்பவும் அப்படித் தோணுதாம்மா?" கேட்டுவிட்டு சும்மா இருங்கள். நாலைந்து நொடி பதில் வராது, கையெல்லாம் பரபரக்கும், டிரிப்பைச் சரிசெய்யலாமா என்று தோன்றும். வேண்டாம், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். தோணுகிறது என்று சொன்னால் அடுத்து: எப்போதெல்லாம் வருகிறது, எப்படிச் செய்வது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா, இதற்கு முன்னால் முயற்சி செய்திருக்கிறாரா, இவ்வளவு நாள் அவரைப் பிடித்து நிறுத்தியது என்ன. கடைசிக் கேள்வியை விடாதீர்கள், அதில்தான் பிள்ளை பேரோ, அம்மா பேரோ, வேலைக்குப் போகிற இடத்துத் தோழி பேரோ வெளியே வரும்.

இங்கே பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்குத் தமிழும் மலையாளமும் தெரியும், நோயாளி கன்னடமோ உருதுவோ பேசுகிறார், உடனே புருஷனையோ நாத்தனாரையோ உள்ளே கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சண்டையே அவர்களோடுதானோ என்னவோ, யாருக்குத் தெரியும்? ஆயம்மாவோ வேறு ஷிப்ட் சிஸ்டரோ, மொழி தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள், இது ரகசியம் என்று அவருக்கும் சொல்லிவையுங்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்தோ கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலிலிருந்தோ வருகிற தமிழ் நோயாளி என்றால், வார்டு முழுக்க வேறு மொழி பேசுகிற இடத்தில் "சொல்லுங்கம்மா" என்று நீங்கள் தொடங்குகிற அந்த ஒரு சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும். அடி, உதை இருக்கிறதா என்றும் தனியாக இருக்கும்போதே கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் காயங்களைப் பதிவு செய்யவைத்து, பெண்களுக்கான 181 ஹெல்ப்லைனையும் அவருக்குச் சொல்லுங்கள்.

ஸ்டெப்ஸ் ஞாபகம் வரவில்லை என்றீர்கள், போகட்டும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற நைட் கிளப் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். தப்பித்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தையும் எரிக் லிண்டமேன் என்ற மனநல மருத்துவர் பார்த்து, துக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்று 1944-ல் எழுதினார். அதை வளர்த்தவர் ஜெரால்ட் கப்லான். அவர் சொன்னதில் நமக்குத் தேவையானது இதுதான்: நெருக்கடி என்பது நிரந்தர நிலைமை கிடையாது, பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் மனுஷர்கள் வெளியிலிருந்து வருகிற உதவியை மற்ற நேரத்தைவிட அதிகமாக ஏற்றுக்கொள்வார்கள். அப்படியென்றால் காலையில் வரப்போகிற சைக்கியாட்ரிஸ்ட் முக்கியம்தான், ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கிற நீங்கள் வெறும் காவல் ஆள் இல்லை. நீங்கள் பேசுகிற அந்த ஒரு மணி நேரமும் சிகிச்சைதான்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு செய்தது, அதில் நம் சென்னையும் ஒன்று. தற்கொலைக்கு முயன்று எமர்ஜென்சிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து, டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச்சு, அப்புறம் 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவுதான். 18 மாதம் முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள், பேசித் தொடர்பில் வைத்திருந்தவர்களில் 0.2 சதவீதம். 2008-ல் வெளியானது. புது மருந்து இல்லை, மெஷின் இல்லை. இதை எந்த வார்டு மீட்டிங்கிலும் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது சத்தியம். இது நம் ஆட்களிடம் ரொம்பப் பிரபலம். "பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு" என்று மாமியார் அழுவார், அம்மா அழுவார், சில சமயம் நம் சிஸ்டர்களே கேட்பார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. சத்தியம் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, மறுபடியும் அந்த எண்ணம் வரும்போது சத்தியத்தை மீறுகிறோமே என்ற குற்ற உணர்ச்சிதான் மேலே சேரும், யாரிடமும் சொல்லவும் மாட்டார். சத்தியத்துக்குப் பதிலாக ஒரு தாளை எடுங்கள். அந்த எண்ணம் வருவதற்கு முன்னால் எப்படி இருக்கும், தூக்கமில்லாமையா, படபடப்பா, அந்த நேரத்தில் தானே என்ன செய்ய முடியும், யார் வீட்டுக்குப் போய் உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த நம்பருக்குக் கூப்பிடலாம், எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல அவர் பேச்சிலேயே எழுதி, மடித்து அவர் கையில் கொடுங்கள். நம்பர் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல ஹெல்ப்லைன். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழும் கன்னடமும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குத் தலைமை மையமே நம் ஓசூர் ரோட்டில் இருக்கிற மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான். அங்கே சைக்கியாட்ரி எமர்ஜென்சியும் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும்.

அதே தாளில் இன்னொரு விஷயம்: வீட்டில் இருக்கிற மாத்திரைகளை யார் எடுத்து வைத்துக்கொள்வது. இதை நம்பகமான அட்டெண்டர் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "வேணும்னு நினைச்சா எப்படியும் பண்ணிக்குவாங்க" என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுகிற வேகம், கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் நிறையப் பேர் பிழைத்துவிடுகிறார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது.

இப்போது வெளியே நிற்கிற அட்டெண்டர்கள். ஏன் டாமா கேட்கிறார்கள்? முக்கால்வாசி நேரம் எம்எல்சி பயம்தான், அதாவது போலீஸுக்குத் தகவல் போகிற மெடிக்கோ-லீகல் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். போலீஸ் வரும், கேஸ் ஆகும், தெருவில் தெரிந்துவிடும். அவர்களைத் திட்டாமல் சட்டத்தைச் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், முயன்றாலே குற்றம் என்ற பழைய 309-ஆவது பிரிவே கிடையாது. போலீஸ் வரவே மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரி தகவல் கொடுக்கும், அவர்கள் வந்து விசாரிப்பார்கள். "அவங்களை ஜெயில்ல போட மாட்டாங்க" என்பதே வீட்டாருக்குப் போதும்.

கூடவே டாக்டரைக் கூப்பிட்டு மருத்துவக் காரணத்தையும் சொல்லவையுங்கள். சில மாத்திரைகளில் முதல் நாள் ஆள் நன்றாக எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், கல்லீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று கூட்டிப்போவது எவ்வளவு ஆபத்து என்று புரிந்தால் பலர் இருந்துவிடுவார்கள். அப்படியும் கையெழுத்துப் போட்டுத்தான் ஆவோம் என்றால், அந்தத் தாளும் 14416-ம் கொடுக்காமல் அனுப்பாதீர்கள்.

ஓடிவிடுவார் என்று கட்டிலோடு கையைக் கட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சைக்கியாட்ரிஸ்ட் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லாமல். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருக்கிறது, எனக்கும் தெரியும், அதற்குக் கட்டிலை நர்ஸிங் ஸ்டேஷன் கண்ணுக்கெதிரே மாற்றுங்கள், பாத்ரூம் போகும்போது ஆயம்மா கூடப் போகட்டும். ஆனால் அவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ கைகால் உதறினாலோ, அதை மனசுப் பிரச்சினை என்று ஒதுக்காமல் முதலில் சுகரையும் ஆக்ஸிஜனையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஹேண்டோவரில் "அட்டென்ஷனுக்காகப் பண்ணினது" என்று யாராவது சொன்னால் அதை அடுத்த ஷிப்டுக்குக் கடத்தாதீர்கள். அவர் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே, மேற்கோள் போட்டு, நேரத்தோடு எழுதுங்கள். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் கூப்பிட ஒரு நம்பர் வாங்கும்போது அது அவருடைய போன்தானா, புருஷன் போனா, யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் தனியாகப் பேச முடியும், வேறு ஆள் எடுத்தால் நாம் யார் என்று சொல்லிக்கொள்வது, இதையெல்லாம் அவரிடமே கேட்டு கேஸ் ஷீட்டில் குறித்துவையுங்கள். வாரத்துக்கு ஒரு போன் செய்ய உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள், அந்தச் சென்னை ஆய்வைக் காட்டியே கேளுங்கள். சரி, அடுத்த கேள்வி சென்ட்ரல் லைன் டிரெஸ்ஸிங் பற்றி.