ஐந்து கொலை வழக்கு இருந்தால் சீரியல் கில்லரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்க ஊரில் ஒருத்தர் மேல் ஐந்து கொலை வழக்கு. ஜாமீனில் வந்து தினமும் டீக்கடையில் பேப்பர் படிக்கிறார். அவரை சீரியல் கில்லர் என்று சொல்லலாமா? போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததே, அப்புறம் எப்படி வெளியே விட்டார்கள்?"

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அப்படிச் சொல்ல மாட்டேன் தம்பி. நம்ம பக்கத்துக் கொலைகள் பலவற்றில் பகைக்கு ஒரு கணக்கு இருக்கும். எந்தக் கோயில் கொடையில் தகராறு ஆரம்பித்தது, முதலில் விழுந்தது யார், பதிலுக்கு விழுந்தது யார், எல்லாம் ஊருக்கே தெரியும். அடுத்தது யார் என்று கூடச் சொல்லுவார்கள். தொடர் கொலைகாரன் விஷயத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. செத்தவருக்கும் அவனுக்கும் முன்பகையே இருக்காது. ஒரு கொலை முடிந்ததும் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவான். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று.

கர்நாடகத்து 'சயனைடு' மோகனைப் பாருங்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். 2003 முதல் 2009 வரை 20 பெண்களைக் கொன்றதாக வழக்கு. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி வெளியூர் லாட்ஜுக்குக் கூட்டிப்போவான். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து, கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை என்று சயனைடைக் கொடுப்பான். அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய் விழுங்குவாள், இவன் நகையோடு கிளம்பிவிடுவான். ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு ஊர்க் காவல் நிலையத்தில் தனித்தனிக் காகிதமாகக் கிடந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. 2009ல் காணாமல் போன ஒரு பெண்ணின் வழக்கில் செல்போன் தொடர்புகளைத் துருவியபோதுதான் சிக்கினான். மூளையில் என்ன கோளாறு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கென்னவோ, அத்தனை வருஷம் எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். பழைய நேயர்களுக்கு இது பாடமாகியிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: ஆள் ஒருவன்தான், ஆனால் வழக்குகள் தனித்தனி. பொதுவாக ஒவ்வொரு கொலைக்கும் தனி எஃப்.ஐ.ஆர், தனிக் குற்றப்பத்திரிகை, தனிச் சாட்சிகள். ஒன்றில் தண்டனை கிடைத்தாலும் அடுத்ததை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். மோகனுக்கு 2013ல் ஆரம்பித்த தீர்ப்புகள் 2020 வரை வந்துகொண்டே இருந்தன.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அப்புறம் ரிமாண்ட், அதாவது கோர்ட் உத்தரவுப்படி காவல், பாளையங்கோட்டை மத்திய சிறை. நம்ம ஊரில் பல பேர் அதற்கும் முன்னாலேயே ஏதாவது வெளியூர் கோர்ட்டில் சரணடைந்துவிடுவார்கள். ஏற்கனவே சிறையில் இருப்பவனை வேறு வழக்கில் ஆஜர்படுத்த பி.டி. வாரன்ட் என்று ஓர் உத்தரவு வாங்குவார்கள். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. உங்க ஊர்க்காரர் அப்படிக்கூட வெளியே வந்திருக்கலாம். அதைத் தடுக்கத்தான் பல நேரம் குண்டாஸ், அதாவது விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் குண்டர் தடுப்புச் சட்டத்தைப் போடுகிறார்கள், அதுவும் அதிகபட்சம் ஒரு வருஷம்தான். குற்றப்பத்திரிகை வந்த பிறகு மாஜிஸ்திரேட் வழக்கை கமிட்டல் செய்து, அதாவது விசாரணைக்காக செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பார். அங்கே வாய்தா மேல் வாய்தா. தூக்குத் தண்டனை என்றால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும், நமக்கு அது மதுரைக் கிளை.

"ஒப்புக்கொண்டானே" என்கிறீர்கள். போலீஸிடம் ஒப்புக்கொண்டது அவனுக்கு எதிரான சாட்சியமே இல்லை. பேப்பரில் முழுப்பக்கம் வந்தாலும் இல்லை. அவன் சொன்னதை வைத்து அரிவாளைப் புதருக்குள்ளிருந்து எடுத்தார்கள் என்றால், எடுப்பதற்கு வழிகாட்டிய அந்த வரி மட்டும் செல்லும். அதற்குத்தான் வி.ஏ.ஓ.வைக் கூட்டிப்போய், பொருளை எடுத்த விவரம் எழுதிய மகஜரில் கையெழுத்து வாங்குகிறார்கள். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டு, அதுவும் தானாக மனம் விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். நொய்டா பக்கம் நிதாரியில் 2006ல் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தனவே, அந்த வழக்குகளில் தூக்குத் தண்டனை வரை போன வீட்டு வேலைக்காரரை 2023ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பெரும்பாலான வழக்குகளில் விடுவித்தது. சுமார் 60 நாள் போலீஸ் காவலில் வைத்த பிறகு வாங்கிய வாக்குமூலத்தை நீதிபதிகள் நம்பவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்றைக்கும் பதில் இல்லை. அந்தக் கோபத்தைப் புலனாய்வின் மேல்தான் காட்ட வேண்டும்.

அப்போ வழக்கு எதில் நிற்கிறது? சாட்சியில்தான். முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லி பிறழ் சாட்சி ஆனவரைப் பார்த்து "காசு வாங்கிட்டான்" என்று ஊர் ஏசும். அவரோ அதே தெருவில்தான் குடியிருந்தாக வேண்டும். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை கோர்ட் வாசலிலேயே, விசாரணைக்கு வந்த ஒருவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதைப் பார்த்த பிறகும் தைரியமாகக் கூண்டில் ஏறு என்றால் யார் ஏறுவார்?

தம்பி, டீக்கடையில் இருப்பவரைப் பற்றிக் கேட்டீர்கள். எதிர் பெஞ்சில் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கலாம். அவருக்கு ஒரு வழி இருக்கிறது. 2018ல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. மிரட்டல் இருக்கிறது என்று மனுக் கொடுத்தால், போலீஸிடம் அறிக்கை வாங்கி, வீட்டுக்குக் காவல் போடுவதிலிருந்து சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்வது வரை உத்தரவு போடலாம். மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று யாராவது கேளுங்கள், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.