ரோமமும் முகமூடியும்: ஹாலரின் குளிர்காலப் பெண்

நண்பர்களே, திரையில் இருப்பது வென்செஸ்லாஸ் ஹாலர் 1643-இல் படைத்த 'குளிர்காலம்' என்னும் அச்சுப்படம். பிராக் நகரில் 1607-இல் பிறந்து லண்டனுக்கு வந்தவர் அவர். நான்கு பருவங்களையும் நான்கு பெண்களாகக் காட்டிய வரிசையில் இது ஒன்று. முகத்தில் கறுப்பு முகமூடி, தோளில் ரோமப் போர்வை, கையில் 'மஃப்' என்னும் ரோம உறை. பின்னால் லண்டனின் கார்ன்ஹில் தெரு.

கீழே நாலு வரிப் பாட்டு. விலங்கு ரோமத்தை அவள் அணிவது குளிருக்காக, கொடுமையால் அல்ல என்று தொடங்கி, இரவில் அவளைத் தழுவும் வழவழப்பான தோலைப் பற்றிப் பேசி முடிகிறது. பாட்டுக்காரருக்கு அவள் உடல்மேல்தான் கண். ஹாலரின் ஊசி அதிகம் உழைத்ததோ அந்த மஃபில். பெண்ணின் பகட்டைப் பழிக்கும் படம் என்று மட்டும் சொல்லிவிட்டால் இந்த உழைப்பு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இது எட்சிங், அதாவது அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து எடுக்கும் அச்சு. உளியால் செம்பைக் கீறும் வேலை இல்லை. மெருகிட்ட செப்புத் தகட்டைச் சூடாக்கி, அமிலம் தாங்கும் மெழுகுக் கலவையைப் பூசி, புகையில் கறுப்பாக்குவார்கள். ஊசியால் கீறிய இடத்தில் மட்டும் செம்பு வெளிப்படும். அமிலம் அங்கே அரிக்கும். ரோமத்தின் நுனிக்கு மெல்லிய கோடு வேண்டும். அதனால் கொஞ்ச நேரம் அரித்ததும் அமிலத்தை வடித்து, அந்தக் கோடுகளை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, நிழல் விழும் இடங்களை மட்டும் மறுபடி அரிக்க வேண்டும். நேரம் தப்பினால் நெருக்கமான கோடுகளுக்கு நடுவே உள்ள செம்பும் கரைந்து, ரோமம் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். ஹாலரிடம் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிகிறது! 1647-இல் அவர் பெண்ணையே விட்டுவிட்டு, சரிகைப் பட்டி கட்டிய ஒரு மஃபை மட்டும் தகட்டில் தீட்டினார்.

பிரான்சில் ஆப்ரகாம் போஸ் என்ற அச்சுப்படக் கலைஞர் வேறு பக்கம் போனார். ஆடம்பர ஆடைகளைத் தடுத்த 1633-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின், எளிய உடையில் நிற்கும் சீமாட்டியை அவர் தீட்டினார். அங்கே ஆடை அரசியல்.

ஹாலரின் பிரதி எதையாவது நேரில் பார்க்க வாய்த்தால் முதலில் மஃபைப் பாருங்கள். அச்சடிக்க அடிக்க ஆழமில்லாத கோடுகளே முதலில் தேயும். ரோம நுனிகள் வெளிறிப் போயிருந்தால், தகடு களைத்த பிறகு எடுத்த பிரதியாக இருக்கலாம்.