குதிகால் தசைநாண் அறுந்த பிறகும் கோபி பிரையன்ட் எப்படி நடந்தார்?

(திரையில்: கூடைப்பந்து மைதானத்தின் கோட்டோவியம்)

2013 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலிஸ். அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில் லேக்கர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மோதும் ஆட்டம் முடிய இன்னும் மூன்று நிமிடம்தான். லேக்கர்ஸின் நட்சத்திர வீரர் கோபி பிரையன்ட் பந்தோடு இடது காலை உந்திப் பாயப் பார்க்கிறார், விழுகிறார். குதிகால் தசைநாண் முழுதாக அறுந்துவிட்டது. ஆனால் அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கூடைக்குள் பந்தைப் போடும் வாய்ப்பு, கிடைத்திருந்தது. எழுந்து வந்தார், இரண்டையும் போட்டார், அப்புறம் தன் காலாலேயே நடந்து வெளியேறினார்.

என்ன ஒரு மனஉறுதி என்று உலகமே வியந்தது. வியக்கட்டும். ஆனால் மனஉறுதி இல்லாத நானும் நீங்களும்கூட இந்தத் தசைநாண் அறுந்த காலோடு நாலடி நடக்க முடியும். இந்தக் காயத்தில் பலரை ஏமாற்றுவதே அதுதான்.

(திரையில்: காலின் பின்புறம். கெண்டைக்கால் தசையிலிருந்து குதிகால் எலும்பு வரை வெள்ளைப் பட்டை)

உடம்பிலேயே தடித்த, வலுவான தசைநாண் இது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். கெண்டைக்கால் தசையின் இழுப்பைக் குதிகால் எலும்புக்குக் கடத்துவது இதன் வேலை. ஓடும்போது உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு பாரம் இதன் மேல் விழும். அறுவது பெரும்பாலும் குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே. இரத்த ஓட்டம் குறைவான பகுதி அது.

அறுந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, அறுந்த பிறகும் எப்படி நடக்கிறார்கள்? கணுக்காலின் உள்பக்கமாக வேறு சில தசைநாண்கள் பாதத்துக்குள் போகின்றன. விரல்களை மடக்குவதும் பாதத்தை உள்பக்கம் இழுப்பதும் அவற்றின் வேலை. பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் அவற்றால் முடியும். அதனால் 'நடக்க முடியுதே, சுளுக்குதான்' என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு நாட்களைக் கடத்துகிறார்கள். சில நேரம் மருத்துவர்களே தவறவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் சோதனை எளிது. கவனமாகப் பாருங்கள்.

(திரையில்: கட்டிலில் குப்புறப் படுத்தவர். பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்குகின்றன)

கெண்டைக்கால் தசையைக் கையால் அமுக்குகிறோம். நல்ல காலில் பாதம் தானாகக் கீழே அசையும். இதோ. இப்போது அறுந்த கால். அமுக்குகிறோம், பாதம் அசையவில்லை. குதிகாலுக்கு மேலே விரலால் தடவினால் ஒரு பள்ளமும் தட்டுப்படலாம், வீக்கம் வந்துவிட்டால் அது மறைந்துவிடும். இன்னொன்று, அந்த ஒற்றைக் காலில் எக்கி நிற்க முடியாது.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. இத்தனை வலுவான நாண் ஏன் அறுகிறது? பிரையன்ட் மேல் யாரும் விழவில்லை. ஆயிரக்கணக்கான முறை செய்த அதே அசைவுதான்.

1991-இல் கன்னுஸ், யோசா என்ற இரு ஆய்வாளர்கள் அறுந்த தசைநாண்கள் 891-ஐ நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் 97 சதவீதம் அறுவதற்கு முன்பே சிதைந்திருந்தன. தசைநாணுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் வரிசை குலைந்து கிடந்தன. கிணற்றுக் கயிறு உள்புரி நைந்து, ஒரு நாள் வாளியோடு போவது மாதிரிதான். பலருக்கு முன்கூட்டி வலிகூட இருப்பதில்லை. அதனால் 'அன்றைக்கு வார்ம்-அப் செய்யவில்லை, அதான்' என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி இழை அறுந்த நாள் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

பிரையன்டுக்கு அப்போது வயது 34. இரண்டு நாள் முன்பு போர்ட்லாண்டில் 48 நிமிடமும் உட்காராமல் ஆடியிருந்தார். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு NBA வீரர் கெவின் டுரான்ட் விஷயமும் அப்படியே. 2019-இல் கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு, NBA இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தார். அதே வலது காலில் நாண் அறுந்தது. 2025 இறுதிச் சுற்றில் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் முதலில் கெண்டைக்கால் காயம், ஏழாவது ஆட்டத்தில் அதே காலில் நாண். மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என் கருத்து: கெண்டைக்கால் வலியோடு களமிறங்கும் முன் இந்த இரண்டு பெயரையும் நினைத்துக்கொள்வது தப்பில்லை.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளால் தசைநாண் அறும் அபாயம் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் அபாயம் கூடும். மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டிய மாத்திரை இல்லை.

(திரையில்: பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி போட்ட மருத்துவ பூட்)

சிகிச்சைக்கு வருவோம். அறுவை சிகிச்சை கட்டாயமா? 2022-இல் வெளியான நார்வே ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தைத்தவர்களுக்கும் பூட் மட்டும் போட்டவர்களுக்கும் காலின் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது, தைக்காதவர்களில் 6.2 சதவீதம், தைத்தவர்களில் 0.6 சதவீதம். மறுபக்கம், நரம்புக் காயம் தைத்தவர்களுக்கே அதிகம். தொழில்முறை வீரர்கள் பொதுவாகத் தைத்துக்கொள்கிறார்கள். மாலையில் ஷட்டில் ஆடுபவருக்கு பூட் வழியும் நல்ல வழிதான், ஆனால் சீக்கிரமே தொடங்க வேண்டும். சுளுக்கு என்று வாரக்கணக்கில் விட்டால் அறுந்த முனைகள் விலகி, வேலை சிக்கலாகிவிடும்.

திரும்பி வருவதற்கு எவ்வளவு காலம்? பிரையன்ட் எட்டு மாதத்துக்குள் ஆட வந்தார், ஆறே ஆட்டத்தில் முழங்கால் எலும்பு முறிந்தது. டுரான்ட் 2020 டிசம்பரில்தான் வந்தார், ஒன்றரை வருடம். வந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 26.9 புள்ளி. மாதத்தை எண்ணுவதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: காயம்பட்ட ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. எத்தனை முறை, எவ்வளவு உயரம் என்று மறுகாலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த உயரம் எட்டாதவர்கள் நிறையப் பேர்.