லாக் ஆன படம் திரும்ப மாறினா மிக்ஸை என்ன பண்ணுறது?

வணக்கம் மக்களே. எடிட்டர் அண்ணாச்சி "லாக் ஆயிட்டு", அதாவது இனி படத்துல வெட்டு மாறாதுன்னு சொல்லிட்டாரு, நீங்களும் மிக்ஸை (படத்தோட எல்லா சத்தத்தையும் சேக்குற வேலையை) முக்கால்வாசி முடிச்சாச்சு. அப்பதான் "சின்னதா நாலு இடத்துல மட்டும் மாத்தியிருக்கேன்"னு புது வீடியோ வரும்லா, அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம். உதாரணத்துக்கு நம்ம பக்கத்து கோயில் கொடை (திருவிழா) டாக்குமென்டரி ஒண்ணை வச்சுக்கிடுவோம். படம் செகண்டுக்கு 25 ஃப்ரேம், சவுண்டு 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள். பேட்டி, வில்லுப்பாட்டு, பின்னணி இசை எல்லாம் உண்டு.

வீடியோ மட்டும் வந்தா வாங்காதீங்க. டைம்கோடு (மணி:நிமிஷம்:செகண்ட்:ஃப்ரேம் எண்) படத்து மேலயே எரிச்ச வீடியோ, எடிட்டரோட கைடு சவுண்டு (அவரு வெட்டின படத்தோட சத்தம்) தனி வேவ் ஃபைலா, புது ஏஏஎஃப் (எடிட்டரோட சவுண்டு கிளிப்பெல்லாம் வரிசையோட வர்ற ஃபைல்), அதுல ஒவ்வொரு கிளிப்புக்கும் ரெண்டு பக்கமும் 10 செகண்ட் ஹேண்டில் (வெட்டுக்கு வெளிய உள்ள உபரிச் சவுண்டு). அதோட எந்தெந்த இடத்துல எத்தனை ஃப்ரேம் கூடுச்சு, குறைஞ்சுச்சுன்னு ஒரு பட்டியல். பட்டியல் தர மாட்டேன்னா பழைய இடிஎல் (எடிட்டரோட வெட்டு விவர ஃபைல்), புது இடிஎல் ரெண்டையும் கேளுங்க, நம்மளே ஒப்பிட்டுக்கிடலாம். படம் 01:00:00:00-ல தொடங்கினா படமும் சவுண்டும் ஒட்டுதான்னு பாக்க 00:59:58:00-ல ஒரு ஃப்ரேம் பீப் இருக்கணும். முடிவுலயும் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது.

சரி, நகத்துற வேலை. முதல்ல செஷனை (மிக்ஸ் பண்ணுற ப்ராஜெக்ட் ஃபைலை) புதுப் பேர்ல சேவ் பண்ணுங்க. பழைய கைடு சவுண்டை ஒரு ட்ராக்ல போட்டு வைங்க, ஏன்னு பின்னாடி சொல்லுதேன். பட்டியல்ல இருக்குறதைக் கடைசியில இருந்து ஆரம்பிங்க. 3-வது நிமிஷத்துல 34 ஃப்ரேம் எடுத்துட்டா, அதுக்குப் பிறகு வர்ற பழைய டைம்கோடு எல்லாமே 34 ஃப்ரேம் தப்பாயிரும். பின்னாடி இருந்து வந்தா, இன்னும் தொடாத இடத்துக்கெல்லாம் பழைய எண் அப்படியே செல்லும்.

இங்கன ஒரு பொறி இருக்கு. கிளிப்பை மட்டும் செலக்ட் பண்ணி இழுக்காதீங்க. ரிவெர்ப் ஆக்ஸ், மாஸ்டர், மியூசிக் பஸ், இப்படி மத்த ட்ராக்கோட சத்தம் வந்து சேர்ற ட்ராக்குலலாம் கிளிப்பே கிடையாது, ஆட்டோமேஷன் (சத்தத்தை ஏத்தி இறக்கின பதிவு) மட்டும்தான். கிளிப்பு நகரும், இது அங்கனயே நிக்கும். பிறகு பேட்டிக்காக இறக்கின மியூசிக் வேற எங்கயோ இறங்கும். அதனால நேரத்தையே வெட்டுங்க: புரோ டூல்ஸ் மென்பொருள்ல கட் டைம், இன்செர்ட் டைம். ரீப்பர் மென்பொருள்ல டைம் செலக்‌ஷன் போட்டு, உள்ள இருக்குறதை நீக்கி பின்னால உள்ளதை நகத்துற கட்டளை. ஒளிச்சு வச்ச ட்ராக்கு, லாக் பண்ண கிளிப்பு எல்லாத்தையும் முதல்லயே திறந்துருங்க. மார்க்கரும் கூட வருதான்னு பாத்துக்கிடுங்க.

முடிஞ்சதா? இப்ப அந்தப் பழைய கைடு. அதுவும் செஷனோட சேந்து வெட்டுப்பட்டிருக்கும்லா. புது கைடை பக்கத்துல போட்டு, அதோட போலாரிட்டியைத் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழாக்கி), ரெண்டையும் ஒரே அளவுல ஓட விடுங்க. சரியா உக்காந்திருந்தா சத்தமே வராது. எடிட்டர் புதுசா சேத்த இடம் மட்டும் கேக்கும். ஒரு ஃப்ரேம், அதாவது 1920 சாம்பிள் விலகினாலே இரட்டைக் குரலா கேட்டுரும். எம்பி4-ல இருந்து எடுத்த சவுண்டுன்னா முழுசா அடங்காது, அதுக்குத்தான் வேவ் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கிட்டே போனா அது வெட்டுப் பிரச்சினை இல்ல, ஃப்ரேம் ரேட். 24-க்குப் பதிலா 23.976-ல எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா 10 நிமிஷத்துக்கு 0.6 செகண்ட் தள்ளிப் போகும்.

இனிமே ஒட்டு. பேட்டியில ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் கிராஸ்ஃபேடு (ஒரு துண்டு தேய, அடுத்தது ஏறுறது) போதும். அதுக்கு அடியில ஓடுற ஜெனரேட்டர் இரைச்சல், கூட்டத்துச் சத்தம், இதையெல்லாம் ஹேண்டில்ல இருந்து இழுத்து ஒரு செகண்டாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி விடுங்க. ரெண்டு ஒட்டும் ஒரே ஃப்ரேம்ல விழுந்தா காது பிடிச்சுரும்.

பின்னணி இசைக்குக் கணக்கு வேணும். 100 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 100 தாள அடி) ஒரு அடி 15 ஃப்ரேம், நாலு அடிக்கு 60. எடிட்டர் 34 எடுத்திருக்காரு. அதே 34-ஐ இசையிலயும் வெட்டினா தாளம் நொண்டும். முழுசா 60 எடுத்துட்டு, இசையை 26 ஃப்ரேம் தாமதமா தொடங்க விடுங்க, ஒரு செகண்டு சொச்சம்தான். யாருக்கும் தெரியாது.

வில்லுப்பாட்டுல இந்தக் கணக்கு ஓடாது. கிளிக்கு (சீரான தாளத் தட்டு) கிடையாது, போகப் போக வேகம் ஏறும். அங்கன குடத்து அடியைத் தேடுங்க, வேவ்ஃபார்ம்ல குத்துக்கோடா நிக்கும். அடிக்கு ஒரு ஃப்ரேம் முந்தி வெட்டுங்க. ஆனா வில்லு மணி அடங்க நேரம் எடுக்கும்லா, அதனால போற துண்டோட வாலை அடுத்த ட்ராக்குல அரை செகண்டு தேய விடணும். இன்னொண்ணு, பாட்டுக்காரர் வரியை எடிட்டர் வெட்டிட்டு, பின்பாட்டுக்காரரோட "ஆமா"வை மட்டும் விட்டுருப்பாரு. யாருக்கு ஆமா போடுதாருன்னு சனம் சிரிக்கும். பின்பாட்டுக்காரர் வாய் படத்துல தெரியலைன்னா அதைத் தூக்கிருங்க. தெரிஞ்சா எடிட்டர்கிட்ட பேசித்தான் ஆகணும்.

காட்சி வரிசையே தலைகீழா மாறியிருந்தா இதெல்லாம் வேண்டாம். புது ஏஏஎஃப்பைத் திறந்து, பழைய செஷன்ல இருந்து காட்சி காட்சியா கொண்டு வந்து ஒட்டுங்க, அதுதான் வேகம்.

கடைசியா லவுட்னெஸ்ஸை (காதுக்குக் கேக்குற மொத்த சத்த அளவை) முழுப் படத்துக்கும் திரும்ப அளந்துட்டு, டயலாக், மியூசிக், எஃபெக்ட்ஸ் தனித்தனி ஸ்டெம்மா, ஃபைல் பேர்ல வெர்ஷன் எண்ணோட அனுப்புங்க. பழைய மிக்ஸ் ட்ராக்கை அழிக்கச் சொல்லி எடிட்டருக்கு ஒரு வரி எழுதிருங்க. மியூட் பண்ணாம அடியில விட்டுட்டா, மாறாத இடமெல்லாம் 6 டெசிபெல் ஏறி வெடிக்கும்.